நின்றாளா, நிறுத்தினார்களா?

மருத்துவச் சான்று கொடுத்துவிட்டு விடுப்பில் இருக்கும் ஒருவரை வேலையை விட்டு நிறுத்த முடியுமா? நிறுத்தினால் அது சட்டப்படி செல்லுமா? திருப்பூரில் பெண் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவள் நான். அதனால் இந்தக் கேள்வி இன்னமும் என்னைத் தேடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் தங்களுக்காகக் கேட்பதில்லை. அக்காவுக்காக, பக்கத்து வீட்டுக்காரருக்காக, தெரிந்த ஒரு பெண்ணுக்காகக் கேட்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனதால் வேலை போயிற்று என்று சொல்வதில் நம் பெண்களுக்கு ஏதோ ஒரு கூச்சம் இருக்கிறது. திருடி மாட்டிக்கொண்டது மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

சட்டத்தின் பதிலை முதலில் சொல்லிவிடலாம். நான் பேசப்போவது 2018இல் நடந்த ஒன்றைப் பற்றி. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. அதற்கு முந்தைய காலத்துச் சட்டத்தைத்தான் இங்கே சொல்கிறேன். நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தெளிவாகவே இருந்தது. நோய்க்கால உதவித்தொகை பெறும் நாட்களில் ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ, வேறு வகையில் தண்டிக்கவோ கூடாது. அந்த நாட்களில் நீக்க நோட்டீஸ் கொடுத்தால் அது செல்லாது. சிகிச்சையில் இருப்பவரை நீக்குவதற்கும் விதிகள் ஒரு கால வரம்பு வைத்திருந்தன. சாதாரண நோய் என்றால் தொடர்ச்சியாக ஆறு மாதம் சிகிச்சையில் இருந்த பிறகுதான், அதுவும் முறையாக நோட்டீஸ் கொடுத்து, அனுப்ப முடியும். காசநோய் போன்றவற்றுக்கு இன்னும் நீண்ட காலம்.

ஆக, பதில் ‘கூடாது’ என்பதுதான். கேட்டவர்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலால் வேலை திரும்பக் கிடைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டத்தில் ஓட்டை என்று சொல்லிவிட்டு இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. ஓட்டை எந்த இடத்தில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை, நாம் பேசும் பேச்சிலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங்கில் பதினோரு ஆண்டு வேலை பார்த்த ஓர் அக்காவின் கதை இது. வயது நாற்பத்து மூன்று. நாள் முழுக்க மேசை முன்னால் நின்றபடி, தைத்து வரும் உருப்படிகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்டது, ஓட்டை, கறை என்று பிரித்துப் போடும் வேலை. மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று நீண்டுகொண்டே போயிற்று. கர்ப்பப்பையில் கட்டி. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதம் தள்ளிப் போட்டார். ஷிப்மெண்ட் நெருக்கடி, அது முடிந்ததும் அடுத்த ஆர்டர், நடுவில் மகளுக்குக் கல்லூரி சேர்க்கை. “இப்பப் போனா எடம் போயிருங் கண்ணு” என்பார். மருத்துவமனையில் சேரும்போது ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது. கட்டி வேலையால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எட்டு மாதம் மட்டும் வேலையால் வந்ததுதான்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஓய்வு வேண்டும் என்று இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தார். அக்கா அதைக் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினார். சூப்பர்வைசருக்கு ஃபோனிலும் சொன்னார். பிறகு தாராபுரம் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். புருஷன் வீட்டில் படுத்திருக்கும் பெண்ணுக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. படுத்தபடியே அரிசி எவ்வளவு, உப்பு எங்கே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டால் மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்துவிடலாம் என்று அர்த்தம். அதனால் நம் பெண்கள் உடம்பு தேற அம்மாவிடம் போகிறார்கள். அங்கிருந்தபடி இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு வந்து வரிசையில் நிற்க முடியாது. அடுத்த சான்றை உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் வாங்கினார்.

இருபத்தேழாம் நாள் திருப்பூர் வாடகை வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தது. தொடர்ந்து எட்டு நாட்களுக்கு மேல் முன்அனுமதியின்றிப் பணிக்கு வராததால் தாங்களாகவே பணியிலிருந்து விலகிக்கொண்டதாகக் கருதப்படுகிறது என்று அதில் இருந்தது. நீக்குகிறோம் என்று எங்கும் இல்லை. தண்டனை என்றும் இல்லை. நோய், சான்று, விடுப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல. “நானா நின்னனுங்க கண்ணு?” என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். நின்றாள் என்பது தன்வினை, அவளே செய்தது. நிறுத்தினார்கள் என்பது பிறவினை. இன்னொருவர் அவளை வைத்துச் செய்தது. இரண்டுக்கும் வேர் ‘நில்’ என்ற ஒரே சொல். அந்தக் கடிதம் செய்த வேலை மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். பிறவினையைத் தன்வினையாக மாற்றியது. 73ஆம் பிரிவு தடுப்பது நிறுத்துவதை. நிற்பதை எந்தச் சட்டம் தடுக்க முடியும்?

இந்த மாற்று வேலை திருப்பூரில் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. அதற்கு நம்மூரிலேயே வரலாறு இருக்கிறது. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்லின் தொழிலாளி ஒருவர் 1957 ஜனவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். விடுப்பு முடிந்தும் திரும்பவில்லை. மார்ச்சில் மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தார். நிர்வாகம் ஏற்கவில்லை. எட்டு வேலை நாட்கள் தொடர்ந்து விடுப்பின்றி வராதவர் வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுவார் என்று அந்த மில்லின் நிலையாணை சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1963இல் தீர்ப்பு மில்லுக்குச் சாதகமாக வந்தது. 73ஆம் பிரிவு தடுப்பது முதலாளி எடுக்கும் தண்டனை நடவடிக்கையை; நிலையாணைப்படி வேலை தானாக முடிந்துபோனால் அது தண்டனை ஆகாது என்பது அதன் சாரம். ‘தானாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே நீக்கியவர் யாரும் இல்லை. விதி இருந்தது, நாட்கள் எண்ணப்பட்டன, வேலை முடிந்துவிட்டது.

முப்பது ஆண்டு கழித்து, 1993இல், டி.கே. யாதவ் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. நிலையாணையில் என்ன எழுதியிருந்தாலும், என்ன காரணம் என்று கேட்காமல், விசாரிக்காமல் ஒருவரின் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்றது. வாழும் உரிமையில் பிழைப்பும் அடங்கும் என்று அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவைச் சுட்டியது. நல்ல தீர்ப்பு. அக்காவின் மனுவில் நான் எழுதியதும் இதைத்தான். ஆனாலும் கடிதத்தின் வாசகம் மட்டும் 1957இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எழுதுகிறவருக்கு அது அவ்வளவு வசதி.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ‘தானாக விலகினார்’ என்று ஒரு ஆண் தொழிலாளியைப் பற்றி எழுதினால் கேட்பவர் ஒரு கணம் நிற்பார். ஏன் விலகினான், வேறு வேலை கிடைத்ததா, சண்டையா என்று கேட்பார். பதினோரு வருடம் வேலை பார்த்தவன் சும்மா ஏன் விலகப்போகிறான்? பெண்ணைப் பற்றி எழுதினால் அந்த ஒரு கணம் கிடைப்பதில்லை. கல்யாணம் ஆகியிருக்கும், நின்றுவிட்டாள். பிள்ளை பெற்றிருப்பாள், நின்றுவிட்டாள். மாமியாருக்கு முடியவில்லை, மகள் வயதுக்கு வந்துவிட்டாள், வீடு மாறினார்கள், நின்றுவிட்டாள். பெண் வேலையை விடுவதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. அவள் வேலையில் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். அதனால் அந்தக் கடிதம் சொல்லும் பொய்யில் பாதியைச் சமூகம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது. நிர்வாகம் மீதியை மட்டும் தட்டச்சு செய்தால் போதும்.

படிப்பிலும் இதே வினைதான். ‘அவ படிப்பு எட்டாவதோட நின்னுடுச்சு’ என்போம். படிப்பு தானாக நின்றதாம், வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றது போல.

சரி, நிர்வாகத்தின் பக்கம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஜாப்வொர்க் எடுத்து, பன்னிரண்டு பவர் மெஷின் போட்டு நடத்துகிறார். அவரும் ஒரு காலத்தில் கைமடியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான். “ஒருத்தி ரெண்டு மாசம் வரலைன்னா அந்த மெஷினை நான் என்ன பண்றது? ஆள் போட்டா, அவ திரும்பி வர்றப்ப போட்ட ஆளை என்ன பண்றது? அவளும் பொம்பளதானே” என்று கேட்டார். நேர்மையான கேள்வி. நோயாளிக்காக வைத்திருக்கும் இடம் வெறும் காற்றில் இருப்பதில்லை. அங்கே யாரோ ஒருத்தி உட்கார்ந்து, அவளும் வாடகை கட்டிக்கொண்டிருப்பாள்.

இந்தச் சுமையை ஒரு தொழிலாளியும் ஒரு முதலாளியும் மட்டும் மோதித் தீர்த்துக்கொள்ள முடியாது என்றுதான் நோய்க்காலக் காப்பீடு என்ற ஏற்பாடே வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1883இல், சட்டமானது. இங்கே பேராசிரியர் அடார்க்கர் 1944இல் கொடுத்த அறிக்கையின் வழியாக 1948 சட்டம் வந்தது. 2018இல் அக்காவின் சம்பளத்தில் நூற்றுக்கு 1.75 ரூபாய் பிடித்தார்கள், நிர்வாகம் 4.75 போட்டது. நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 விழுக்காடு இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதாவது வேலைக்கு வராத நாளுக்கு முதலாளி கூலி தர வேண்டியதில்லை. அவரிடம் சட்டம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தக் காலத்தில் அவளை வெளியே தள்ளாதே. கூலியை எல்லோருமாகச் சேர்ந்து போட்ட பொதுப்பணம் தாங்கிக்கொள்கிறது. இடத்தை மட்டும் நீ தாங்கு. இது கருணை இல்லை. அக்காவும் கருணை கேட்கவில்லை. பதினோரு வருடம் மாதாமாதம் கட்டிய பணத்துக்கு, கட்டும்போது சொன்ன வாக்கைத்தான் கேட்டார்.

காலத்துக்கும் இடத்தை வைத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். ஆறு மாதம் என்று விதி ஒரு கோடு போட்டது. அதைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று பேசலாம். எங்கோ ஒரு கோடு இருக்கத்தான் வேண்டும். என் வழக்கு அந்தக் கோட்டின் முடிவில் என்ன பெயரைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது. ‘உன்னால் இனி இந்த வேலை செய்ய முடியவில்லை, எங்களாலும் காத்திருக்க முடியவில்லை, அதனால் நாங்கள் உன்னை நிறுத்துகிறோம்’ என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது கசப்பான வாக்கியம்தான். ஆனாலும் அதில் எழுவாய் இருக்கிறது. செய்தவர் இன்னார் என்று தெரிகிறது. அவரிடம் காரணம் கேட்கலாம், ஈடு கேட்கலாம், வழக்குப் போடலாம், சாபமாவது கொடுக்கலாம். ‘நீயாகவே போய்விட்டாய்’ என்பதில் இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லை. ஒருத்தியிடமிருந்து வேலையைப் பறிப்பது ஒரு தீங்கு. பறித்ததை அவள் கையாலேயே செய்ததாக எழுதுவது வேறொரு தீங்கு. இரண்டாவதற்கு நஷ்ட ஈட்டுப் பட்டியலில் இடம் இல்லாததால் அது தீங்கே இல்லை என்று ஆகிவிடாது.

நோயை ஆளில்லாத நிகழ்ச்சியாகப் பார்ப்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளமும் தர வேண்டும் என்று இருந்தது. எது ஆட்குறைப்பு என்று விளக்கிய அதே சட்டம், ‘தொடர்ந்த உடல்நலக்குறைவின் காரணமாக’ ஒருவரை அனுப்புவது ஆட்குறைப்பு ஆகாது என்று விலக்கியும் வைத்தது. ஆர்டர் இல்லை என்று அனுப்பினால் ஈடு உண்டு. உடம்பு இல்லை என்று அனுப்பினால் அந்த ஈடு இல்லை. சந்தை விழுந்தால் அது முதலாளியின் முடிவு, உடம்பு விழுந்தால் அது உடம்பின் முடிவு என்பதுபோல.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோன் ஆக்கர் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், அலுவலகங்களும் ஆலைகளும் மனத்தில் வைத்திருக்கும் ‘தொழிலாளி’க்கு உடம்பே கிடையாது என்று காட்டினார். பிள்ளை பெறாத, ரத்தம் போகாத, வீட்டில் பார்த்துக்கொள்ள இன்னொருத்தி இருக்கிற ஓர் ஆள். உற்றுப் பார்த்தால் அது ஆண். திருப்பூரில் செக்கிங் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனாலும் விடுப்பு விதி அந்த உடம்பில்லாத ஆணுக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. சான்றிதழ் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். சான்று கொண்டுவா என்கிறார்கள். அதை வாங்குவதும் சூப்பர்வைசர், டைம் ஆபீஸ் என்று கை மாறுவதும் ஆண்கள் மத்தியில். அதனால் பெண்கள் மருத்துவரிடம், ‘வயித்து வலின்னு எழுதுங்க’, ‘காய்ச்சல்னு போட்டுருங்க’ என்று கேட்டு வாங்குவார்கள். பிறகு காய்ச்சலுக்கு நாற்பது நாளா என்று கேள்வி வரும். உண்மையை எழுதினால் மானம், எழுதாவிட்டால் வேலை. இதைப் பற்றி எந்த நிலையாணையிலும் ஒரு வரி கிடையாது.

இன்னொன்று. நம் சட்டங்களில் பெண்ணின் உடம்புக்குப் பலமான காவல் இருக்கும் இடம் மகப்பேறு. 1961ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டம், அந்த விடுப்பில் இருப்பவளை நீக்குவது சட்டவிரோதம் என்று நேராகச் சொன்னது. 2017இல் விடுப்பு 26 வாரமானது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம். போராடிப் பெற்றவை, ஒன்றையும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிள்ளையைச் சுமக்கும்போது அந்தக் கர்ப்பப்பைக்குக் கிடைக்கும் மரியாதை, நாற்பத்து மூன்று வயதில் அது கட்டியோடு ரத்தம் கொட்டும்போது கிடைப்பதில்லை. அக்கா சொன்னார்: “பெரியவ வயித்துல இருக்கறப்ப மேனேஜரே வந்து உக்காந்து வேலை பாரும்மான்னாருங். இப்ப என்னாச்சுன்னு கேக்கவே கூச்சப்படறாங்க.” தாய்மையைக் காப்பது அடுத்த தலைமுறையைக் காப்பது. இங்கே காக்க வேண்டியது ஒரு பெண்ணை மட்டும். அவள் யாருக்காகவும் அல்லாமல் தனக்காகவே நோயுற்றிருக்கிறாள். அதற்கு நம்மிடம் மரியாதையான ஒரு சொல்கூட இல்லை.

அக்காவின் தாவா தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசப் பேச்சுக்கு வந்தது. மூன்று முறை நிர்வாகத் தரப்பில் யாரும் வரவில்லை. நான்காம் முறை பர்சனல் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். “நாங்க நிறுத்தவே இல்லைங்களே. அவங்கதான் வரலை. இப்பக்கூட வரச் சொல்லுங்க, புதுசா சேத்துக்கறோம்” என்றார். புதுசாக என்றால் பதினோரு வருடம் பூஜ்யம் ஆகிவிடும். அக்கா மறுத்தார். அப்படியானால் பணிக்கொடையும் அதன்மேல் ஒரு தொகையும் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பணிக்கொடை எப்படியும் தர வேண்டியதுதான். மேலே சொன்ன தொகை பரவாயில்லை. தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனை வருடம் ஆகும் என்று அக்கா கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒப்பந்தத்தில் ‘நிறுத்தப்பட்டார்’ என்று எழுத வேண்டும். அதிகாரி சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே புரியாமல் வந்த சிரிப்பு. தொகையை இன்னும் ஐயாயிரம் கூட்டித் தருகிறோம் என்றார். அக்கா வேண்டாம், எழுதுங்கள் போதும் என்றார். அது முடியாது, சட்டப் பிரச்சினை என்றார் அவர். உண்மைதான். அந்த ஒரு சொல் 73ஆம் பிரிவை உள்ளே அழைத்து வந்துவிடும். சொல்லின் விலை என்ன என்பது அங்கிருந்த எல்லோரையும்விட அக்காவுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது.

பிறகு கையெழுத்துப் போட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. ‘சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகிக்கொண்டார்’ என்ற வரிக்குக் கீழே. அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது, வெற்றி என்று எழுதவும் கை வராது. போராட்டம் என்றால் கடைசி வரை நிற்பது என்று மேடையில் பேசுவது சுலபம். அந்தக் கட்டணத்தை மேடை கட்டப்போவதில்லை.

இந்தத் தொகுப்பைப் படிப்பவர்களில் பலர் இ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களாக இருப்பீர்கள், அல்லது படித்து முடித்து வாங்கப் போகிறவர்களாக. உங்களுக்கு வேறு விதிகள், வேறு கடிதங்கள் வரும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் நோய் விடுப்பு உண்டு. அதையும் பெண்கள் எப்படிச் செலவழிக்கிறோம் என்று தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாருக்குக் கண் அறுவை. நமக்கென்று வரும்போது கணக்கில் ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. நம்மில் பலர் முதலாளிகளும்கூட. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க, வீடு கூட்ட, சமைக்க ஒருவர் வருகிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, நிலையாணை இல்லை, பதிவுத் தபால்கூட இல்லை. 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது. பதிவு செய்துகொண்டால் சில உதவித்தொகைகள் உண்டு. நோயில் படுத்தால் இடத்தைக் காக்க அதிலும் ஒன்றுமில்லை. நோய் என்று இரண்டு வாரம் வராமல் போனால் என்ன ஆகும் என்பது பெண்ணியம் பேசும் வீடுகளிலும் பேசாத வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறொருவர் வந்திருப்பார். பக்கத்து வீட்டில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “அவ நின்னுட்டா.”

கோவையில் நான் குடியிருக்கும் தெருவில் ஐந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு டெங்கு வந்தது. அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள். வந்த பிறகும் எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்து வீட்டு இடமும் போய்விடக் கூடாதென்று பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை அனுப்பினார். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஐந்தாவது வீடு முடியும்போது பத்தாகிவிடும். நான்கு வீடுகள் அந்தப் பெண்ணை ஏற்றுக்கொண்டன. ஐந்தாவது வீட்டம்மா, குழந்தையை வேலை வாங்க மனசு வரவில்லை என்று சொல்லி வேறு ஆள் வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னது சரியான காரணம்தான். அம்மாவுக்கு இடம் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டார்கள். மகள் விடுப்புக் கடிதம் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் அக்கா என்று என்னிடம் கொண்டுவந்தாள். பிழை ஒன்றுமில்லை. எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் பள்ளிக்கு வர இயலவில்லை என்று எழுதியிருந்தாள். கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மா போட்டிருந்தார், கை நடுக்கம் இன்னும் போகாத எழுத்தில்.